நிலத்திற்கேற்ற வித்து

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, அவ்வந்நிலத்திற்குரிய உணவு இதுவென்று கருப்பொருளுள் வைத்து எண்ணியவர் நம் முன்னோர். மலைக்குத் தினை, காட்டிற்கு வரகு, வயலுக்கு நெல் என்றமைந்த அவ்வரிசையில் மக்காச்சோளத்திற்கு இடமில்லை. அஃது அமெரிக்கக் கண்டத்தினின்று கடல் கடந்து வந்த விருந்து. மெக்ஸிகோவிற் பிறந்த பயிருக்கு மக்கா நகரை நினைப்பூட்டும் பெயர் வாய்த்ததும் ஒரு வேடிக்கையே. ஆயினும் வந்த விருந்து இன்று எத்திணைக்கும் உரியதாகிவிட்டது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வானம் பார்த்த நிலத்தில் விளைகின்றது. விருதுநகர்க் கரிசலில் விளைகின்றது. இமயமலைச் சரிவில் விளைகின்றது. ஆண்டிஸ் மலையில் 3000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் விளைகின்றது. வடக்கே 58 பாகை முதல் தெற்கே 40 பாகை வரை இதனைப் பயிரிடுகின்றனர்.

இத்தனை இடங்களிலும் விளைவது ஒரே மக்காச்சோளம் என்று எண்ணுதல் பிழை. பெரம்பலூர் வித்தைக் கனடாவில் இட்டால் அது கதிர் முற்றுமுன் பனியில் மடியும். கனடாவின் வித்தைப் பெரம்பலூரில் இட்டால், செடி குட்டையாய் நின்று, அவசரமாய்ப் பூத்து, அற்ப விளைவு தந்து ஒழியும். ஒவ்வொரு நிலத்திற்கும் ஏற்ற வித்தை ஆக்கியது மனிதர் உழைப்பு. அவ்வுழைப்பின் காலத்தைக் குறுக்கவல்ல ஒரு கருவி அண்மைக் காலத்தில் விஞ்ஞானிகள் கைக்கு வந்துள்ளது. மரபணு அடையாளக்குறி என்பது அது. அதனைப் புகழ்வார் பலர், அஞ்சுவார் சிலர். நாம் அவ்விரு திறத்தாரோடும் சேராமல் வேறொன்று கேட்க விரும்புகின்றோம். இக்கருவியால் மிச்சமாகும் காலமும் பணமும் யார் கணக்கில் வரவு வைக்கப்படும்? நம் கருத்தில் அவை சிறு நிலங்களின் கணக்கில் வைக்கப்படல் வேண்டும்.

முதற்கண் பழைய உழைப்பின் அளவை அறிதல் நன்று. மெக்ஸிகோவின் தென்மேற்கே பால்ஸாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்னும் காட்டுப்புல் ஒன்று வளர்கின்றது. கல்போன்ற ஓட்டுக்குள் அடங்கிய சில மணிகளே அதன் கதிர். ஏறத்தாழ 9000 ஆண்டுகட்கு முன் அப்புல்லினின்று மக்காச்சோளம் தோன்றியது என்பது 2002-ஆம் ஆண்டில், இவ்வடையாளக்குறிகளின் துணைகொண்டே, நிறுவப்பட்டது. தியோசிந்தே குறும்பகற் பயிர். இரவு நீண்டாலன்றிப் பூவாது. வடக்கே செல்லச் செல்லக் கோடையிற் பகல் நீளும். ஆதலின் அப்பயிர் அங்கே இலையும் தண்டுமாய் ஓங்கி வளர்ந்து, பூக்கும் வேளையில் குளிர்காலம் வந்துவிடும். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையை மக்காச்சோளம் எட்டியது ஏறத்தாழ 4000 ஆண்டுகட்கு முன்னரே. அஃதாவது, பிறந்த இடத்தினின்று அவ்வளவு தூரம் செல்ல அதற்கு 5000 ஆண்டுகள் பிடித்தன.

தடையை நீக்கியவற்றுள் ஒன்று யாது என்பது இப்பொழுது விளங்கியுள்ளது. பகலின் நீளத்திற்கேற்பப் பூக்கும் காலத்தைத் தாழ்த்தும் மரபணு ஒன்று மக்காச்சோளத்தின் பத்தாவது குரோமோசோமில் இருக்கின்றது. எப்போதோ ஒரு செடியில், அம்மரபணுவின் தலைவாயிலில், இடம்விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று வந்து அமர்ந்தது. மரபணுவின் வேகம் அடங்கிற்று. நீண்ட பகலிலும் செடி காலத்தே பூத்தது. பெயரறியாத உழவர் யாரோ அச்செடியின் கதிரைப் பொறுக்கு விதையாக எடுத்து வைத்தனர். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இது. இவ்விதம் தாவும் துண்டுகள் உண்டென்பதை 1940-களின் பிற்பகுதியில் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளைக் கொண்டே கண்டவர் பார்பரா மக்ளிண்டாக் அம்மையார். அக்காலத்து அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நோபெல் பரிசு அவருக்கு 1983-ஆம் ஆண்டில் வந்தது. அவர் கண்ட அத்துண்டுகளின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே, எவரும் காணுமுன், இப்பயிருக்கு வடதிசை வழியைத் திறந்து வைத்திருந்தது.

நிற்க. அடையாளக்குறி என்பதுதான் யாது? ஒரு வீட்டைத் தேடிச் செல்வோர், வாசலில் வேப்பமரம் நிற்கும் வீடு என்று கேட்டறிந்து செல்வது போல்வது இது. மரம் வீடன்று, ஆனால் வீட்டைக் காட்டும். 1923-ஆம் ஆண்டில் கார்ல் சாக்ஸ் என்பார் அவரைக் குடும்பத்துப் பயிர் ஒன்றின் விதையை ஆராய்ந்து, விதைத்தோலின் நிறமும் விதையின் பருமனும் கூடியே சந்ததிக்குச் செல்லுதலைக் கண்டார். நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. அஃது அருகிருந்த மறைபொருளைக் காட்டிற்று. இக்காலத்தார் நிறத்தை நாடுவதில்லை. இளங்கன்றின் இலையில் ஒரு பொட்டளவு கிள்ளி எடுத்து, அதன் மரபுப்பொருளில் குறித்த இடத்து எழுத்து வரிசை எவ்வாறுள்ளது என்று படித்துவிடுகின்றனர். செடி பூக்கவும் வேண்டா, காய்க்கவும் வேண்டா. வேண்டாத கன்றுகள் அன்றே களையப்படுகின்றன.

இங்கே ஓர் ஐயத்தை அகற்றுதல் தகும். வேற்றுயிரின் மரபணுவைப் பயிருக்குள் புகுத்தும் முறை வேறு, இம்முறை வேறு. இதில் கலப்பு வழக்கம்போல் மகரந்தத்தாலேயே நிகழ்கின்றது. பிறந்த மக்களுள் யாரிடம் எது உள்ளதெனப் படிப்பது மாத்திரமே புதிது. இரண்டையும் ஒன்றெனக் கருதி மேடையில் முழங்குவோரைப் படித்தவர் கூட்டத்திலும் காண்கின்றோம். வாதிடுவோர் எதனை எதிர்க்கின்றோம் என்பதையேனும் அறிந்து வாதிடலாம்.

இக்கருவி செய்த வேலைக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மக்காச்சோளத்தின் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்னும் இரு கூறுகள் குறைவு. அதனையே முதல் உணவாய்க் கொள்ளும் ஏழைக் குழந்தைகள் வயிறு நிறைந்தும் உடல் தேறுவதில்லை. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார், ஓபேக்-2 என்னும் மரபணு மாற்றமுடைய மக்காச்சோளத்தில் அவ்விரு கூறுகளும் மிகுந்திருத்தலைக் கண்டனர். உலகம் மகிழ்ந்தது. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அம்மணிகள் சுண்ணாம்பு போல் மென்மையாயிருந்தன, எடை குறைந்தன, வண்டும் பூஞ்சணமும் எளிதிற் பற்றின. உழவர் அதனைத் தள்ளிவிட்டனர். பின்னர் மெக்ஸிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள-கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டவராகிய சுரீந்தர் வாசல் அவர்களும் ஏவாஞ்செலினா வில்லேகாஸ் அம்மையாரும் பல்லாண்டு பொறுமையோடு உழைத்து, புரதச் சிறப்புக் கெடாமல் மணியைக் கெட்டியாக்கினர். 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

அச்சிறப்பை வேறொரு ரகத்திற்கு மாற்றுதல் எளிதன்று. அம்மரபணு ஒடுங்கு குணத்தது. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது. ஒரு பக்கமிருந்து மாத்திரம் வந்த செடியைக் கண்ணாற் கண்டு பிரித்தறிதல் இயலாது. ஆதலால் ஒவ்வொரு மறுகலப்பிற்குப் பின்னும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வித்து, மணியைச் சோதித்து, மீண்டும் தொடங்கவேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவம் வீணாகும். அல்மோராவிலுள்ள விவேகானந்த மலைவேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விடத்தில் அடையாளக்குறியைத் துணைக்கொண்டனர். அக்குறிகள் ஓபேக்-2 மரபணுவின் உள்ளேயே அமைந்தவை. ஆதலின் அவை வழிதவற இடமில்லை. வழக்கமாக ஆறேழு மறுகலப்புகள் வேண்டிய வேலையை இரண்டில் முடிக்கலாமென 2005-ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்காட்டினர். மலைநாட்டில் முன்பே பயின்றிருந்த விவேக் 9 என்னும் ஒட்டுரகத்தின் பெற்றோரிருவரையும் இவ்வாறு திருத்தி, 2008-ஆம் ஆண்டில் விவேக் கியூபிஎம் 9 என்னும் ரகத்தை வெளியிட்டனர். முன்னையதைவிட டிரிப்டோபேன் நூற்றுக்கு 41 பங்கும் லைசின் 30 பங்கும் இதில் மிகுதி. அடையாளக்குறித் தேர்வினால் இந்தியாவில் உருவான முதல் ஒட்டு மக்காச்சோளம் இதுவே. பின்னர்த் தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் இதே ரகத்தில் வைட்டமின் ஏ தரும் மஞ்சட்பொருளையும் மிகுவித்து, 2017-ஆம் ஆண்டில் வேறொன்று வெளியிட்டனர்.

இப்புதிய ரகத்தைப் பற்றிய குறிப்பொன்று நம் மனத்தைக் கவர்ந்தது. அதே வித்து வட மலைநாட்டில் முதிர 93 நாள் ஆகின்றது. தமிழ்நாடு உள்ளிட்ட தென்பீடபூமியில் 83 நாளே ஆகின்றது. மரபணுவை எவ்வளவு நுட்பமாகப் படித்தாலும், பத்து நாளைக் கூட்டவும் குறைக்கவும் மண்ணும் வெயிலும் வல்லன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு ரகத்தை உருவாக்கப் பத்தாண்டும் பெரும்பொருளும் செலவாகுமாயின், அதனை விற்போர் பரந்த நிலத்தில் விற்க விரும்புதல் இயற்கை. பத்து ஜில்லாக்களில் ஓரளவு விளையும் வித்தே அவர்களுக்கு ஆதாயம். ஒரு தாலுகாவில் மிக நன்றாக விளையும் வித்து நஷ்டம். இதில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வாணிகத்தின் இயல்பு அது. ஆனால் செலவும் காலமும் பாதியாகக் குறைந்தபின்? குறைந்ததைக் கொண்டு அதே பரந்த நிலத்திற்கு ஆண்டுதோறும் ஒரு புதுப்பெயரை வெளியிடலாம்; அல்லது இதுகாறும் எவரும் திரும்பிப் பாராத சிறு நிலங்களுக்கு உரிய வித்தை ஆக்கலாம். முதலாவது தானே நடக்கும். இரண்டாவது, பொதுப்பணத்தால் நடைபெறும் நிலையங்கள் மனம் வைத்தாலன்றி நடவாது.

மிச்சம் பிடித்ததை எவ்வாறு செலவிடலாகாது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒட்டுவித்து உண்டாக்கும்போது, தாய் வரிசைச் செடிகளின் உச்சிப்பூவை ஆள் வைத்துக் கிள்ளி எறியவேண்டும். இல்லையேல் தன் மகரந்தமே தன்மேல் விழும். இக்கூலியை மிச்சப்படுத்த அமெரிக்கர், ஆண்மலட்டுத் தன்மையுடைய டெக்ஸாஸ் வகை ஒன்றைக் கைக்கொண்டனர். வசதியாயிருந்தமையின் எல்லாரும் அதனையே நாடினர். 1970-ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் ஒட்டு மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 85 பங்கு அவ்வகையினதாயிற்று. அவ்வாண்டில் அவ்வகையையே தேடிக் கொல்லும் இலைக்கருகல் பூஞ்சணம் தோன்றிற்று. தேசத்து விளைவில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு அழிந்தது. தென்பகுதி வயல்கள் சில முற்றும் பாழாயின. ஆயிரம் வயல் இருந்தும், நோயின் கண்ணுக்கு அவை ஒரே வயலாய்த் தோன்றின. கூலியில் மிச்சம் பிடித்ததை ஒருமைப்பாட்டிற் கொண்டுபோய்ச் செலவிட்டதன் பயன் அது.

நம் கருத்திற்கு எதிராக இரண்டு தடைகள் கூறப்படலாம். அவை அற்பமானவை அல்ல.

ஒன்று: புரதம் மிக்க வித்து இருந்தும் உழவர் ஏன் ஓடிவந்து வாங்கவில்லை? தமிழ்நாட்டில் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி நாமக்கல் முதலிய இடங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கின்றது. மண்டியில் விலை பேசுவோர் எடையையும் ஈரத்தையும் பார்ப்பார், லைசினைப் பாரார். ஆதாயமின்றி உழவர் ஏன் மாறவேண்டும்? இக்கேள்வி நியாயமே. ஆனால் இதிலிருந்து நாம் கொள்வது வேறு. நிலத்திற்கேற்ற வித்து என்னும்போது மண்ணையும் மழையையும் மாத்திரம் எண்ணுதல் போதாது. அவ்விடத்தில் அதனை உண்பவர் யார் என்பதும் நிலத்தின் இயல்பே. மக்காச்சோள ரொட்டியை நாள்தோறும் உண்ணும் இமயமலைக் குடிகளுக்கும் இராஜஸ்தானத்துப் பழங்குடிகளுக்கும் புரதச் சிறப்பு உயிர்நாடி. நம் கரிசல் உழவருக்கு வேண்டுவது, மழை தாழ்ந்தாலும் மணி பிடிக்கும் வித்து. அடிச்சாம்பல் நோய்க்கு மடியாத வித்து. 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டிற் புகுந்த படைப்புழுவை ஓரளவேனும் தாங்கும் வித்து. அடிச்சாம்பலுக்கு எதிர்ப்புத் தரும் மரபுப்பகுதிகளைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அடையாளக்குறியின் துணையால் தம் பெற்றோர் வரிசை ஒன்றிற் சேர்த்திருத்தல் பாராட்டற்குரியது. இமயத்திற்கு ஒன்று, கரிசலுக்கு வேறொன்று என்பதே நம் கட்சி.

புரத வித்தைக் கொள்வோரும் ஒன்று அறிதல் வேண்டும். மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் ஊர்வது. அண்டை வயலில் சாதாரண ரகம் நின்று, அதன் மகரந்தம் இக்கதிரின் பட்டிழையில் விழுமாயின், அம்மணி புரதச் சிறப்பை இழந்துவிடும். ஒடுங்கு குணத்தின் விளைவு அது. ஆகவே ஓர் உழவர் தனித்து விதைத்துப் பயனில்லை. ஊரார் ஒன்றுபட்டு விதைக்கவேண்டும், அல்லது வயல்களுக்கிடையே தூரமோ நாள் வேற்றுமையோ அமைக்கவேண்டும். ஆராய்ச்சிசாலையில் எழுத்தெழுத்தாகப் படித்துத் தேர்ந்த குணம், ஊர் ஒற்றுமையில்லாமல் ஒரு பருவத்துக்குள் கலைந்துபோகும். சிறு நிலத்தை ஊரோடு சேர்த்தே எண்ணவேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது தடை இன்னும் வலியது. ஓபேக்-2 போன்ற தனி மரபணுவை அடையாளக்குறி எளிதிற் காட்டும். ஆனால் வறட்சியைத் தாங்குதல் ஒரு மரபணுவின் செயலன்று, நூற்றுக்கணக்கானவை கூடிச் செய்வது. ஒவ்வொன்றின் பங்கும் அற்பம். உண்மையே. நீர் குறைந்த காலத்தில் மக்காச்சோளம் எவ்வாறு தோற்கின்றது என்பதைப் பாருங்கள். உச்சிப்பூ உரிய நாளில் மகரந்தத்தைக் கொட்டிவிடும். கதிரின் பட்டிழையோ நீரின்றி வெளிவரத் தாமதிக்கும். இழை வரும்போது மகரந்தம் இல்லை, கதிர் பொக்காகும். ஆதலின் வறட்சிக்குரிய வித்தைத் தேடுவோர், இவ்விரு பூக்களுக்கும் இடையேயுள்ள நாட்களை வயலில் நின்று எண்ணி, இடைவெளி குறைந்த செடிகளைத் தேர்ந்தனர். இப்பொழுது மரபுப்பொருள் முழுவதும் ஆயிரக்கணக்கான குறிகளைப் படித்து, அவற்றின் கூட்டு மதிப்பைக் கணக்கிட்டுத் தேரும் முறையும் வந்துள்ளது. 2001-ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்ட அம்முறையைப் பெருநிலையங்கள் கையாள்கின்றன. ஆயினும் அக்கணக்கிற்கு அடிப்படை யாது? முன்னரே எங்கோ ஒரு வயலில், ஒருவர் வெயிலில் நின்று அளந்து எழுதிய எண்கள். கரிசலில் அளந்த எண்கள் இல்லையேல், கணக்குப்பொறி கரிசலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வேறிடத்து எண்களைக் கொண்டு சொல்லுமாயின் தவறாகச் சொல்லும்.

இதனால் நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. ஆராய்ச்சிசாலைக் கட்டிடம் பார்வைக்கு அழகியது, திறப்புவிழாவிற்கு ஏற்றது. ஒரு மூலையிலுள்ள பரீட்சை வயலோ, களை மண்டிய நாலு பாத்தியும் ஒரு மழைமானியும் தவிர வேறொன்றும் காட்டாது. பணம் குறையும்போது முதலில் எது நிறுத்தப்படும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டா. 1957-ஆம் ஆண்டில் அனைத்திந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியபோது, பல நிலத்துப் பரீட்சைகளை ஒருங்கிணைப்பதே அதன் உயிராயிருந்தது; பிற பயிர்களுக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. இன்று இலையைப் படிக்கும் வசதி வந்துவிட்டதென்று வயல்களின் தொகையைக் குறைப்போமாயின், கையில் வந்த மிச்சத்தை இழப்பதோடு முதலையும் இழந்தவராவோம். படிப்பதில் மிச்சமான ஒவ்வொரு ரூபாயும், புதியதொரு பரீட்சை வயலுக்குச் செல்லவேண்டுமென்பது நம் கோரிக்கை. அதுவும் நீர்வளமிக்க நிலையத்துத் தோட்டத்தில் அன்று, உழவர் தம் நிலத்தில்.

நம் கல்லூரியில் தாவரநூல் பயிலும் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. வடகிழக்கு மலைநாடுகளிலிருந்து வந்து பயில்வோர் இருப்பின் அவர்க்குச் சிறப்பாகச் சொல்லுகின்றோம். சிக்கிம் மலையில், ஒரே தண்டில் பல சிறு கதிர்கள் விடும் பழைய மக்காச்சோளம் ஒன்றுண்டு. அதனை ஆராய்ச்சியாளர் 1960-களிலேயே வியந்து எழுதினர். அப்பக்கத்து மலையூர்களில் ஒட்டும் பசையுள்ள மணிகளையுடைய நாட்டு ரகங்களும் உள. அடையாளக்குறி இல்லாததொன்றை உண்டாக்கமாட்டாது. எவரோ காத்து வைத்த வித்தில் உள்ளதையே காட்டும். அங்குள்ள இல்லங்களில் அடுத்த பருவத்திற்குரிய கதிர்களை அடுப்பின்மேல் புகைபடத் தொங்கவிடுவது வழக்கம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், வீட்டாரின் இசைவோடு, அக்கதிர்களில் ஒரு கைப்பிடி மணிகளை எடுத்து, ஊரின் பெயர், உயரம், விதைக்கும் மாதம், அறுக்கும் மாதம், வீட்டார் அதனை எவ்வாறு சமைத்து உண்பர் என்பன எல்லாம் உறையின்மேல் எழுதி, தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் விதைக்காப்பகத்திற்கு அனுப்புவாராக. உறைமேல் எழுதியது இல்லாத வித்து அங்கே பாதி ஊமை.